சயாவிடம் கேளுங்கள்: எலும்புக்கு எத்தனை அடி?

போன மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால், மேசை முழுக்க எலும்புக்கூடு. கைபேசியில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு படம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ரங்கூனில் 36 வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். வாசகர்கள் ‘சயா’ என்பார்கள், பர்மிய மொழியில் ஆசிரியர் என்று அர்த்தம். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், கருமாதிப் படம் எல்லாம் எடுத்தாயிற்று. இடையில் ஒரு குளிர்காலம் முழுக்க, நடு பர்மாவின் வறண்ட பகுதியில் நடந்த ஓர் அகழாய்வுக்குக் கூலிக்குப் படம் எடுக்கவும் போனேன். படித்த அறிஞன் இல்லை. ஆனால் கேமரா எங்கே பொய் சொல்லும் என்று கொஞ்சம் தெரியும். அந்தத் துணிச்சலில்தான் இந்த மாதப் பதில்கள்.

கேள்வி: என் மாமனார் கைபேசியில் ஒரு படம் வைத்திருக்கிறார். குழிக்குள் மலைபோல ஒரு மண்டையோடு, எலும்புக்கூடு. பக்கத்தில் எறும்புபோல ஆட்கள். வட இந்தியப் பாலைவனத்தில் கிடைத்ததாம், ராணுவம் காவல் காக்கிறதாம், கடோத்கஜனாம். பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் கூடிய எல்லோருக்கும் காட்டினார். நான் பொய் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரமாக என்னோடு பேச்சில்லை. யார் சொல்வது சரி? — பெகு வாசகர்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு. அந்தப் பஞ்சாயத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் படம்.

இது பழைய சரக்கு. 2002ல் இணையத்தில் ஒரு படப் போட்டி நடந்தது. இருக்கிற படங்களை வெட்டி ஒட்டி, பார்ப்பவரை ஏமாற்றுகிற மாதிரி ஒரு தொல்லியல் அதிசயத்தை உண்டாக்க வேண்டும். ‘அயர்ன்கைட்’ என்ற புனைபெயரில் ஒருவர் இந்தப் படத்தைச் செய்து அனுப்பினார். அடியில் இருக்கும் குழி நிஜம். 2000ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் என்ற ஊரில், மாஸ்டடான் என்ற பழங்கால யானை இனத்தின் எலும்புகளைத் தோண்டியபோது மேலிருந்து எடுத்த படம் அது. அதன்மேல் ஒரு மனித எலும்புக்கூட்டைப் பெரிதாக்கி வைத்தார், அவ்வளவுதான். செய்தவர் ஊரை ஏமாற்ற நினைக்கவில்லை, போட்டிக்குச் செய்தார். படம் கூட்டை விட்டுப் பறந்துவிட்டது. 2004 வாக்கில் அரபு நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்ததாகச் செய்தி வந்தது. 2007ல் மும்பையிலிருந்து வரும் ஓர் இதழ் அதையே இந்தியாவில் கிடைத்ததாகப் போட்டது. கடோத்கஜன் அந்த வழியாகத்தான் உங்கள் மாமனார் கைபேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறான். அதே வருஷம் டிசம்பரில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதெல்லாம் கட்டுக்கதை என்று விளக்கமாக எழுதியது. விளக்கம் நடந்து போகிறது, படம் பறந்து போகிறது.

இன்னொரு வேடிக்கை. எங்கள் தெருவில் பெட்டிக்கடை வைத்திருக்கும் சோலியா பாய் இதே படத்தை, குர்ஆனில் வரும் ஆது கூட்டத்தார் எலும்பு என்று எனக்குக் காட்டினார். ஒரே எலும்புக்கு இரண்டு பக்கமும் பங்காளிகள். நான் அவரோடு சண்டை போடவில்லை. டீ வாங்கிக் குடித்தேன்.

சரி, இந்த வரலாறெல்லாம் தெரியாத ஒருவர் படத்தை மட்டும் பார்த்து எப்படிச் சந்தேகப்படுவது? எலும்பின் பருமனைப் பாருங்கள். ஐந்தரை அடி ஆளை அப்படியே பத்து மடங்கு பெரிதாக்கினால் 55 அடி வருவான். உயரம் பத்து மடங்கு, அகலம் பத்து மடங்கு, தடிமனும் பத்து மடங்கு. ஆகவே எடை ஆயிரம் மடங்கு. அந்த எடையைத் தாங்கும் தொடை எலும்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் பரப்பு நூறு மடங்குதான் கூடியிருக்கும். நூறு ஆள் சேர்ந்து ஆயிரம் ஆள் சுமையைத் தூக்குகிற கதை. எழுந்து நின்றால் கால் முறிந்துவிடும். இதைக் கலிலியோ 1638லேயே எழுதி வைத்தார். பெரிய உடம்பு வேண்டுமென்றால் எலும்பின் வடிவமே மாறவேண்டும். யானை எலும்பைப் பார்த்திருக்கிறீர்களா? தேக்கு இழுத்த யானைகள் செத்த ஊர் இது, பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். தூண் மாதிரி கனமாக, கட்டையாக இருக்கும். ஆனால் மாமனார் படத்தில் இருப்பது உங்கள் எலும்பு, என் எலும்பு மாதிரி ஒல்லியானது. அந்த ஒல்லியே சொல்கிறது, அவன் ஐந்தரை அடி ஆள் என்று. பதிவாகியிருக்கும் மனிதர்களிலேயே உயரமானவர் அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ, 2 மீட்டர் 72 சென்டிமீட்டர். 1940ல் இறந்தார். ஒன்பது அடியைக்கூடத் தொடவில்லை, அதற்கே நடக்கக் காலில் தாங்குகம்பி மாட்டவேண்டியிருந்தது.

மாமனாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “மாமா, கடோத்கஜன் போரில் விழும்போது ஒரு அக்குரோணி சேனையே அடியில் நசுங்கியது என்று கதையில் வருகிறதே, இந்த எலும்பு அதற்குப் பற்றாது.” கடோத்கஜனை விட்டுக்கொடுக்காமல் படத்தை மட்டும் விட்டுக்கொடுக்க அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

கேள்வி: வணக்கம் சயா. குடும்பத்தோடு ஷ்வேபோ பக்கம் ஹலினுக்குப் போனோம். கூரைக்கடியில் குழியில் எலும்புக்கூடுகள் அப்படியே கிடக்கின்றன. எல்லாம் சின்னதாக இருந்தன. என் மகன் படத்தை வைத்துக் கணக்குப் போட்டு, “அம்மா, இவர்கள் மூன்றடிகூட இல்லை, குள்ளர்கள்” என்கிறான். அவன் கணக்கில் முதல் மாணவன். படத்தை அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். — மோல்மீன் வாசகி

பதில்: அம்மா, படத்தை இரண்டு நாள் வைத்துக்கொண்டு பார்த்தேன். பையனின் கணக்கு சரி. அவன் நம்பிய செங்கல்தான் அவனை ஏமாற்றிவிட்டது.

அவன் என்ன செய்திருக்கிறான் என்று மற்ற வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எலும்புக்கூடு மல்லாந்து கிடக்கிறது. வலது தொடை எலும்புக்குப் பக்கத்தில், அதே தரையில், ஒரு முழுச் செங்கல். தொடை எலும்பும் செங்கல்லும் கிட்டத்தட்ட ஒரே நீளம். செங்கல் 9 அங்குலம் என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். ஆகவே தொடை எலும்பு 9 அங்குலம். மனிதனின் உயரம் தொடை எலும்பைப்போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, 3.75 என்று வைத்தால் 33, 34 அங்குலம். மூன்றடிகூட இல்லை. வழி முழுக்கச் சரி.

ஆனால் அது இன்றைய காளவாய்ச் செங்கல் இல்லை அம்மா. படத்தைப் பெரிதாக்கி அதன் முதுகைப் பாருங்கள். மூலையில் வளைவாக இரண்டு மூன்று பள்ளக் கோடுகள் தெரிகின்றன. ஈரமாக இருந்தபோது விரலால் இழுத்த கோடு. பர்மாவின் பழங்கால நகரங்களைக் கட்டிய பியூ மக்களின் செங்கல்லுக்கு அதுதான் அடையாளம். ஹலினில், பெய்க்தானோவில், ஸ்ரீக்ஷேத்ராவில் எல்லாம் பார்க்கலாம். அந்தச் செங்கல் இன்றையதைவிட ரொம்பப் பெரியது, 16 முதல் 18 அங்குலம் வரை போகும். நடுவாக 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். 17ஐ 3.75ஆல் பெருக்கினால் 64 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது ஐந்தடி மூன்றே முக்கால் அங்குலம். உங்கள் வீட்டுக்காரர் உயரம் இருக்குமோ என்னவோ. (மதுரைப் பக்கம் கீழடியில் கிடைத்த செங்கல்லும் இப்படிப் பெரியதுதான். அந்தப் படங்களைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும்.)

தொடை எலும்பை வைத்து உயரம் சொல்வது என் கண்டுபிடிப்பு இல்லை. மில்ட்ரெட் ட்ராட்டர், கோல்டின் கிளெசர் என்ற இரண்டு பெண்மணிகள் 1952ல் போட்ட கணக்கு இன்றும் புழங்குகிறது. வெள்ளைக்கார ஆண்களுக்கு, தொடை எலும்பின் சென்டிமீட்டரை 2.38ஆல் பெருக்கி 61.41 கூட்டவேண்டும், மூன்று நாலு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். பெண்களுக்கும் மற்ற மக்களுக்கும் எண்கள் மாறும். அதெல்லாம் எலும்பைக் கையில் வைத்து அளப்பவர்களுக்கு. படம் பார்க்கிற நமக்கு 3.75 போதும்.

பையனுக்கு இன்னொரு வித்தையும் சொல்லிக்கொடுங்கள். இதற்குச் செங்கல்லும் வேண்டாம், அடிக்கோலும் வேண்டாம். படத்தில் மண்டையோட்டை உச்சியிலிருந்து தாடை வரை ஒரு காகிதத் துண்டால் அளந்து, அதைத் தொடை எலும்பின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தடவை போனால் வளர்ந்த ஆள். மண்டையும் தொடையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சின்னக் குழந்தை. பிறந்த குழந்தைக்குத் தலை உடம்பில் கால்வாசி. பெரியவர்களுக்கு ஏழில், எட்டில் ஒரு பங்கு. உங்கள் படத்தில் நான் வைத்துப் பார்த்தேன், இரண்டு தடவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போனது. மண்டை மார்புப் பக்கம் சாய்ந்திருந்தால் குட்டையாகத் தெரியும், அந்த ஏமாற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

நேரில் பார்த்தபோதும் சின்னதாகத் தெரிந்தது என்கிறீர்கள். தெரியும்தான். நீங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கிறீர்கள், அவர் கீழே படுத்திருக்கிறார். சதை போனபிறகு மனிதன் அகலத்தில் பாதி ஆகிவிடுகிறான். விலா எலும்புகள் தட்டையாக அமுங்கிவிடும். தோள் உள்ளே சரிந்துவிடும். ஒரு நல்ல ஆளைப் பட்டினி போட்டுப் பாயில் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். நீளம் மட்டும் நேர்மாறு: பாதம் முன்னால் விழுந்து விரல் நுனி நீட்டிக்கொண்டுவிடும். உச்சி முதல் கால் விரல் வரை நாடா வைத்து அளந்தால், உயிரோடு இருந்த உயரத்தைவிட நாலைந்து அங்குலம் கூடுதலாகக்கூட வரலாம். அதனால்தான் தொடை எலும்பு.

குள்ளமான மனிதர்களே இருந்ததில்லை என்று சொல்லவில்லை. இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் லியாங் புவா குகையில் 2003ல் கிடைத்தவள் ஏறக்குறைய மூன்றரை அடிதான், அதுவும் வளர்ந்த பெண். எலும்பை எடுத்து, பல்லைப் பார்த்துத்தான் வளர்ந்தவள் என்று முடிவு கட்டினார்கள். படத்தைப் பார்த்து இல்லை.

கேள்வி: தோண்டுகிற இடத்துப் படங்களில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கோல் கிடக்கிறதே, அது எதற்கு? அழகுக்கா? — தட்டோன் வாசகர்

பதில்: அளவுக்கு. ரேஞ்சிங் ராடு என்பார்கள். சர்வே செய்கிறவர்கள் கையிலும் இருக்கும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் நீளம். பட்டைகள் எல்லாம் சமமாக இருக்கும். சின்னப் பொருள் என்றால் 10 சென்டிமீட்டர் அட்டை. பக்கத்தில் வடக்கு காட்டும் அம்பு, குழி எண்ணும் தேதியும் எழுதிய பலகை.

இந்தக் கோலால் நான் வாங்கிய திட்டைச் சொல்கிறேன். அகழாய்வுக்குப் போன மூன்றாம் நாள். மூன்றடி ஆழக் குழி, அடியில் ஒருவர் நீட்டிப் படுத்திருக்கிறார். எலும்பைச் சுற்றித் தூரிகையால் மண் தள்ளி முடித்திருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் எடுக்கவேண்டும். நான் ஸ்டூல்மேல் ஏறிவிட்டேன். கோலை எலும்புக்குப் பக்கத்தில் வைத்தால் மண்டையின் நிழல் அதன்மேல் விழுகிறது, அழகாக இல்லை. ஸ்டூடியோக்காரன் புத்தி. கோலைக் குழியின் வரப்பில் நீட்டி வைத்துவிட்டு எடுத்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அகழாய்வைப் பார்வையிட்ட சயாமா (ஆசிரியை) படத்தின்மேல் ஸ்கேலை வைத்தார், காகிதத்தில் ஏதோ கிறுக்கினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்கள் எடுத்தவர் மூன்றரை அடி. நேற்று நான் அளந்தவர் ஐந்தேகால் அடி. ராத்திரியில் யார் மாற்றி வைத்தது?”

கணக்கு இதுதான். என் கேமரா வரப்பிலிருந்து ஆறடி மேலே. எலும்போ வரப்பிலிருந்து மூன்றடி கீழே, கேமராவுக்கு ஒன்பதடி. ஆறடியில் இருக்கும் கோல் பெரிதாக விழும், ஒன்பதடியில் இருக்கும் எலும்பு சிறிதாக விழும். அந்தக் கோலால் எலும்பை அளந்தால் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். ஐந்தேகால் அடி மூன்றரை அடியாகிவிட்டது. கோல் பொய் சொல்லவில்லை, நான் அதை வேறு மாடியில் வைத்துவிட்டேன். எலும்பு கிடக்கும் மட்டத்திலேயே கோலும் கிடக்கவேண்டும், உடம்புக்கு இணையாக, படத்தின் ஓரத்துக்குப் போகாமல். அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும். இன்றைய கைபேசிகளில் பெரும்பாலும் அகல லென்ஸ்தான்.

அதைவிட மோசம் சாய்வாக எடுப்பது. இதில் பணமே போயிற்று எனக்கு. 1979ல் ஒரு மர வியாபாரியின் சாவு வீடு. பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகை படிக்கலாம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், சுற்றிச் சொந்தபந்தம். எல்லோரும் விழவேண்டும் என்று கால்மாட்டில் நின்று எடுத்தேன். பாதம் என் யாஷிகா கேமராவுக்கு நாலடி, முகம் ஒன்பதரை அடி. படம் கழுவி வந்தால், முன்னால் இரண்டு பாதம் பரங்கிக்காய் மாதிரி, பின்னால் தலை எலுமிச்சம்பழம் மாதிரி. மூத்த மகன் படத்தை மேசைமேல் போட்டார். “எங்கப்பாவுக்கு ஆனைக்காலா?” என்றார். காசு தரவில்லை. நியாயம்தான்.

அகழாய்வுப் படத்தில் அதே தப்பைச் செய்தால் கோபித்துக்கொள்ள மகன் இல்லை. பார்க்கிறவர் பாதத்தைப் பார்த்து அரக்கன் என்பார், அல்லது தலையைப் பார்த்துக் குழந்தை என்பார். அதனால்தான் ஏணி வைத்தோ, இப்போது டிரோன் விட்டோ, நேர் மேலேயிருந்து எடுக்கிறார்கள். நூறு கோணத்தில் நூறு படம் எடுத்துக் கணினியில் ஒட்டி, குழியையே உருவமாக ஆக்குகிற முறையும் வந்துவிட்டது. அதற்கும் உள்ளே நாலு இடத்தில் அளவு தெரிந்த அட்டை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உருவம் வரும், உயரம் வராது.

கேள்வி: தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த தாழிப் படங்களைப் பார்த்தேன். முழு மனிதனை அந்தப் பானைக்குள் எப்படி அடைத்திருப்பார்கள்? எங்கள் பாட்டி சொன்ன கதை உண்மையோ? — மண்டலே வாசகர்

பதில்: பாட்டி என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் என் அப்பாயி சொன்னதாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் மனிதர்கள் சாகவே மாட்டார்கள். வயதாக ஆகச் சுருங்கிச் சுருங்கிப் பூனைக்குட்டி அளவாகிவிடுவார்கள். விளக்கு மாடத்தில் தூக்கி உட்காரவைப்பார்கள். பார்க்கச் சகிக்காமல் கடைசியில் சோறும் தண்ணியும் வைத்துத் தாழியில் இறக்கிவிடுவார்கள். முதுமக்கள் தாழி என்ற பெயருக்கு அவர் கொடுத்த விளக்கம் அது. சின்ன வயதில் அப்பாயியின் உயரத்தை வாசற்கதவில் கரிக்கோடு போட்டுப் பார்த்திருக்கிறேன், சுருங்குகிறாரா என்று. கொஞ்சம் சுருங்கத்தான் செய்தார்.

கதை எப்படிப் பிறந்தது என்று எனக்குப் புரிகிறது. மண்ணில் வாய் மட்டும் தெரியும் பானை, உள்ளே மனித எலும்பு. பார்த்தவர்கள் பானையை வைத்து மனிதனை அளந்தார்கள், மனிதன் சுருங்கிவிட்டான். கல்லறைகளைப் பார்த்தவர்களும் அப்படித்தான். பெரிய பெரிய பலகைக் கல்லை நிமிர்த்திக் கட்டியதைப் பார்த்துப் பாண்டவர் குழி என்றார்கள். பானைக்குக் குள்ளன், கல்லுக்குப் பீமன்.

உண்மை இன்னும் எளிது. முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு குந்தி உட்காருங்கள். உட்கார்ந்தால் தரையிலிருந்து உச்சி வரை உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். ஐந்தேகால் அடி ஆள் மூன்றடிக்குள் வந்துவிடுவார். தலையைக் கவிழ்த்தால் இன்னும் குறையும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் மூன்றடி உயரத்தைத் தொடுபவை உண்டு. வயிறு பருத்தது, வாய் அகன்றது. 1899 முதல் சில வருஷம் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டினார். நூறு வருஷம் கழித்து 2004, 2005ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. சிலவற்றில் உடம்பைக் குந்தவைத்து இறக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் வெளியே வைத்துச் சதை போனபிறகு மண்டையும் நீள எலும்புகளும் மட்டும் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். எலும்பாகப் போடுவதற்கு மூன்றடிகூட வேண்டாம். நம் பக்கத்துப் பியூ தாழிகள் இன்னொரு வகை: எரித்த சாம்பலும் எலும்புத்துண்டும்தான் உள்ளே. ஸ்ரீக்ஷேத்ராவில் அரசர்களுக்குக் கல்லிலேயே தாழி செய்து பெயர் பொறித்திருக்கிறார்கள், சூரியவிக்ரமன், ஹரிவிக்ரமன் என்று. அரசன் என்பதால் சாம்பல் கூடிவிடாது, கல்தான் கனம்.

தாழி அளவு பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. புறநானூற்றில் கணவனை வழியில் பறிகொடுத்த ஒருத்தி குயவனிடம் கேட்கிறாள். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி அவனோடு இத்தனை தூரம் வந்துவிட்டேன், எனக்கும் சேர்த்துத் தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய் என்று. இரண்டு பேருக்கு எத்தனை விரற்கடை கூட்டவேண்டும் என்று அந்தக் குயவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் பானையைத்தான் நாம் இன்று அளவுகோல் வைக்காமல் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அருங்காட்சியகத்தில் தாழியைத் தனியாகக் கறுப்புத் துணிமுன் வைத்து எடுத்த படத்தைப் பாருங்கள்: அது ஊறுகாய் ஜாடியாகவும் இருக்கலாம், யானைக்குத் தண்ணீர்த் தொட்டியாகவும் இருக்கலாம். யாராவது ஒரு காவலாளியைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் போதும்.

கேள்வி: பழைய பொருளைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் நாணயம் வைக்கவேண்டும் என்கிறார்கள். நம் ஊரில் நாணயமே புழக்கத்தில் இல்லையே, என்ன வைப்பது? — ரங்கூன் மாணவி

பதில்: நல்ல கேள்வி அம்மா. வெளிநாட்டுக் காசும் வேண்டாம், பார்க்கிறவருக்கு அதன் அளவு தெரியாது. ஆயிரம் கியாட் நோட்டு நீளவாக்கில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், அது ஆகும். ஆனால் மடிப்பு விழுந்த நோட்டு நேராகக் கிடக்காது, காற்றிலும் பறக்கும். வங்கி அட்டை இருந்தால் உத்தமம். உலகம் முழுக்க ஒரே அளவு, 85.6 மில்லிமீட்டர். அட்டை எண் தெரியாதபடி மட்டும் வைத்துவிடு. பேனா, தீப்பெட்டி பரவாயில்லை. ஒருவர் எனக்குச் செரூட் (பர்மாச் சுருட்டு) வைத்து எடுத்து அனுப்பியிருந்தார். இரண்டாம் படத்தில் பானை பெரிதாகிவிட்டது. இடையில் பாதிச் செரூட்டைக் குடித்துவிட்டார்.

எதை வைத்தாலும் குழிக்குள் இறங்கி வைக்காதே. எலும்பைத் தொடாதே. கைப்பிடிக்கு வெளியே நின்று எடுத்தால் போதும். அளவு அங்குள்ள பலகையில் எழுதியிருந்தால், அதையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்.

கேள்வி: சயா, உங்கள் கல்யாணப் படத்தை எங்கள் வீட்டு ஆல்பத்தில் பார்த்தேன். உங்கள் உயரம் ஐந்தடி ஏழு இருக்குமா? — டல்லா வாசகர்

பதில்: ஐந்தடி நாலு. வீட்டுக்காரி என்னைவிட இரண்டு விரல் உயரம். படம் எடுத்த என் குருநாதர் கொல்லைப்புறம் போய் ஒரு செங்கல் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். வேட்டிக்கரை அதை மறைத்துவிட்டது. இன்றைய செங்கல்தான், படுக்கப் போட்டால் மூன்று அங்குலம்.